செயின் அக்காவின் ஒரே இழுப்பு

எவ்வளவு ஆகும் என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். செயின் அக்கா மேசைமேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எஃகுச் சங்கிலியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு மரக்கட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். கட்டை விளிம்பைத் தாண்டிய பிறகுதான் புஸ்ஸென்று மூச்சு வந்தது.

"இழுக்கும்போது பேசினா கோடு கோணிக்கும். இப்பக் கேளுங்க தம்பி."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் கைக்கடிகாரம் கட்டியவனும் நான்தான். அந்தக் கடிகாரத்தின் சங்கிலி மங்கிப்போய்த்தான், கடிகாரச் சங்கிலிகளுக்கு மெருகேற்றும் செயின் அக்காவிடம் போனேன். வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை. கடிகாரத்தின் உள்ளே அவர் கை வைப்பதில்லை. "உள்ள டாக்டர் வேலை. நான் வெளி அலங்காரம் மட்டும்."

சங்கிலியைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். தண்ணீர் கறுத்தது. "பாத்துக்குங்க, எல்லாம் நீங்க உழைச்ச வேர்வை" என்று கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு பளபளக்கும் ஓரங்களுக்கு டேப் ஒட்டி, மயிரிழைக் கோடுகள் நேராக ஓடும் நடுப்பரப்பை மட்டும் கட்டையில் ஒட்டிய தேய்ப்பு நாரால் இழுத்தார். எப்போதும் ஒரே திசைதான். "போனா போனதுதான். திரும்பி வந்தா மாடு மிதிச்ச வயல் மாதிரி ஆயிடும்." ஆழமான கீறலைத் தொட மாட்டார். "அதை எடுக்கணும்னா இரும்பையே எடுக்கணும். இருந்துட்டுப் போகட்டும்."

அக்காவின் பகை பக்கத்து ஜூஸ் கடை மிக்ஸி. இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைப் பலகைத் தடுப்பு. இவர் மேசையும் அந்த மிக்ஸி மேடையும் அதிலேயே திருகப்பட்டவை. அங்கே ஓடினால் இங்கே எஃகு அதிரும். ஜூஸ்காரர் அக்காவின் கொழுந்தன். அவர் மாட்டிய ராட்சச ஆரஞ்சுப் படம் அக்காவின் பெயர்ப்பலகையை மறைத்த நாளிலிருந்து பேச்சு கிடையாது. வாடிக்கையாளர்தான் தூது.

"பக்கத்துக் கடைக்காரரை அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க தம்பி."

"அந்தம்மாவுக்கு மட்டும்தான் பொழப்பான்னு கேளுங்க தம்பி."

நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

சங்கிலியைத் திரும்ப வாங்கப் போன மதியம், ஓர் இளம்பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். கல்யாணமான புதிது. மாமனாரை அசத்தலாமென்று, அவருடைய கடிகாரச் சங்கிலியைப் பாத்திரத்தோடு பாத்திரமாகக் கம்பி நாரால் வட்டவட்டமாகத் தேய்த்திருக்கிறாள்.

"பளபளன்னு ஆகும்னு நெனச்சேன்க்கா. சொறி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மாமா தூங்குறாரு. எழுந்ததும் வாட்சைத்தான் தேடுவாரு."

அக்கா கண்ணிகளை ஒவ்வொன்றாக நேராக்கினார். வட்டங்கள் மறைந்தன. கொக்கியின் மூடிக்கு வந்ததும் கை நின்றது. மாமனார் ஓய்வுபெற்றபோது உடன் வேலை பார்த்தவர்கள் அதில் அவர் பெயரைப் பொறித்துத் தந்திருந்தார்கள். அதன்மேலும் வட்டக் கீறல்கள்; எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருந்தது.

"ஒரு இழுப்புதான் தாங்கும். நடுவுல ஆடினா மறுபடி இழுக்கணும். மறுபடி இழுத்தா பேரு போயிடும்."

பெண் மேசையின் விளிம்பைப் பிடித்தாள். "கையை எடும்மா" என்றார் அக்கா.

கட்டையை வைத்தார். மிக்ஸி அலறியது. எடுத்தார். அது நின்றதும் வைத்தார். மறுபடி அலறியது. அக்காவின் நெற்றியில் வேர்வை. என்னிடம் எதுவும் சொல்லியனுப்பவில்லை. அந்தப் பெண் எம்பித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணா, எங்க மாமா பேருண்ணா. அழிஞ்சா நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?"

ஜூஸ்காரர் எட்டிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார், அண்ணியின் கையைப் பார்த்தார். தலை மறைந்தது.

"என்னய்யா, ஜூஸ் வருமா வராதா?" என்று அவர் கடை வாசலில் யாரோ கத்தினார்கள்.

"கரண்ட் இல்லைங்க."

அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பிடுங்கிய மிக்ஸி பிளக் அவர் கையில் இருந்தது.

அக்கா மூச்சைப் பிடித்தார். கட்டை நகர்ந்தது. நாங்களும் மூச்சு விடவில்லை. விளிம்பைத் தாண்டியது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தார். கோடுகள் நேராக ஓடின. அவற்றினடியில் மெலிதாக, ஆனால் முழுசாக, அந்தப் பெயர்.

பெண் கும்பிட்டுவிட்டு ஓடினாள். அக்கா என் பக்கம் திரும்பினார். "கரண்ட் வந்துடுச்சாம்னு சொல்லுங்க தம்பி."

அக்கா இன்றும் அதே மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறார். கொழுந்தனோடு இன்னும் பேசுவதில்லை. கட்டையை எடுக்குமுன் விரல்முட்டியால் தடுப்புப் பலகையை ஒரு தட்டு தட்டுகிறார்; அந்தப் பக்கம் மிக்ஸி நின்றுவிடுகிறது.