படிக்காமல் சொன்ன ‘ஆம்’

ஃபிளாப்பி புழங்கிய காலத்தில் பெரியகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாமரங்கள் பற்றிப் புத்தகம் எழுதிய ஓர் ஆசிரியர், உடம்பு முடியாத நிலையிலும் மனைவியோடு வந்து கடைசி அத்தியாயத்தைச் சொல்ல, நான் அடித்து சென்டர் கம்ப்யூட்டரில் இருந்த புத்தக ஃபைலிலேயே சேர்த்துவைத்தேன். சில நாளில் அவர் இறந்துவிட்டார்.

பிறகு அவர் மனைவி, வீட்டிலிருந்த ஃபிளாப்பியைக் கொடுத்து பிரிண்ட் கேட்டார். அதை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தேன். “இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, அதன்மேல் எழுதவா?” என்று எதிர்பாராமல் திரையில் கேள்வி வந்தது. சரியாகப் படிக்காமல் ‘ஆம்’ கொடுத்தேன். ஃபிளாப்பியில் இருந்தது பழைய பிரதி. கடைசி அத்தியாயம் அழிந்துவிட்டது.

அழுதுகொண்டே சொன்னேன். அந்த அம்மா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவுக சொன்னப்ப நானும் இங்கனதான இருந்தேன். ஞாபகம் இருக்கிறதச் சொல்றேன், நீ அடி தாயி” என்றார்.

அந்த அத்தியாயத்தின் பன்னிரண்டு பக்கத்தில் மூன்றுதான் தேறியது.

இப்போது அந்தக் கேள்வி வந்தால் ‘இல்லை’ என்றுதான் கொடுக்கிறேன். இரண்டு ஃபைல்களின் தேதியையும் பார்த்து, ஃபிளாப்பியில் வருவதை வேறு பெயரில் காப்பி செய்கிறேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதைத் தொடுவதில்லை.