'காலி' என்று சொன்னவள்

ப்ரோனா மெக்கெர்க்கின் வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் கிளான்முல்லனில் கிடையாது. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை ஊர்ச்சாலையை அடைத்து மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துவோம். அன்று ஆரஞ்சு மேல்சட்டையும் கையில் கொடியுமாகத் தேவாலய வளைவில் காவலுக்கு நிற்பாள். இருபத்திரண்டு வருடம், ஒரு காசு வாங்காமல். மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறவள்.

வளைவின் வெளிப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வண்டி வழுக்கினால் நேரே அங்கேதான் போகும். சிவப்புப் பலகை வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரன் எவனாவது படம் பிடிக்க அந்தப் பக்கம் போனால் தொலைந்தான்.

"ஏன் தம்பி, பலகையில இருக்கறது படிக்க வரலையா, இல்ல வீட்ல உன்னைத் தேட ஆளில்லையா?"

அதே வெளிப்பக்கத்தில், மதில்மேல், அவள் கணவன் மாலக்கி உட்கார்ந்திருப்பான். அவர்களுடைய வயல் மதில் அது. அவன் அப்பாவும் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தார். பலகை வெளியூர்க்காரர்களுக்கு, மதிலின் சொந்தக்காரனை எழுந்து போகச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதைக் கேடு. பைத்தியக்காரத்தனம்தான். அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் வாக்கி டாக்கியோடு இருப்பவன் நான். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் வளைவு வளைவாகக் கேட்பேன். ஆளில்லை, 'காலி' என்று எல்லோரும் சொன்னால்தான் வண்டிகள் கிளம்பும். அந்த வருடம் காலையில் பாதையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது மாலக்கி ஏற்கெனவே மதில்மேல் இருந்தான்.

"யோவ், இந்த வருஷமாச்சும் எறங்குவியா?"

"என் மதில்ல உக்கார உன்கிட்ட சீட்டு வாங்கணுமா? போய்யா, பந்தயத்தை உன் வீட்டுக் கொல்லையில வை."

சிரித்தேன். பன்றியிறைச்சி வைத்த ரொட்டி ஒன்று நீட்டினான். தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூன்றாவது ஓட்டத்தில் லேசான தூறல். தேவாலய வளைவு காலி என்றாள் ப்ரோனா. இரண்டாவது சுற்றில் ஒரு வண்டி வழுக்கி நேரே மதிலில் மோதியது. ஓட்டியவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாலக்கி அங்கேயே போய்விட்டான்.

மரண விசாரணைக்கு முந்தின நாள் பந்தயச் சங்கத் தலைவர் டெஸ்மண்ட் டோஹில் அவள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நீ காலின்னு சொன்னப்புறம்தான் அவரு ஏறி உக்காந்தாருன்னு சொல்லிடும்மா. ஆபத்துன்னு நுழைவுச் சீட்டுலயே அச்சடிச்சிருக்கு. தெரிஞ்சே போனாருன்னு முடிஞ்சிரும். பந்தயமும் பொழைக்கும், உன்மேலயும் பழி வராது."

"அவர் மேல வரும்."

"அவருக்கு இனிமே என்னம்மா?"

"அவரு ஒரு வருஷமும் சீட்டு வாங்கினதில்ல டெஸ்மண்ட். கதவைச் சாத்திட்டுப் போங்க."

மறுநாள் மன்றத்தில் சொன்னாள்: "அவரைப் பார்த்தேன். பார்த்துட்டேதான் காலின்னு சொன்னேன். எல்லா வருஷமும் அப்படித்தான். கட்டுப்பாட்டு அறைக்கும் தெரியும்."

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

டெஸ்மண்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்றத்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்; அத்தனை பேருக்கும் தெரியும்.

"எனக்குக் காலின்னுதான் சொன்னாங்க ஐயா," என்றேன்.

பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடமை தவறியது சங்கமல்ல, ஒரு தனிநபர் என்று தீர்ப்பு எழுதினார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அது போதுமாக இருந்தது. சங்கம் தப்பித்தது.

பள்ளிக்கூட வேலையை அவளே விட்டுவிட்டாள். புருஷனைக் கொன்றவள் என்று பிள்ளைகள் பேசுவது சமையலறை வரை கேட்டதாம். வசந்தத்தில் ஒருநாள் கடையில் எதிர்ப்பட்டாள். ஒதுங்கப் பார்த்தேன்; வழியை மறித்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"நானும் பார்த்தேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள் மெதுவாக, "ரெண்டு பேரா சுமந்திருப்போம்யா."

ஜூனில் பந்தயம் நடந்தது. வாக்கி டாக்கி என் கையில்தான் இருந்தது.