மாமாவுக்குச் சிக்கிய முகம்

என் மாமா கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர். அப்புறம் தலைவர் ஆனார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இன்றைக்கு எங்கள் தமிழ்நாட்டு ஊர்க்காரர்கள் நடத்தும் எந்தப் பொங்கல் விழாவுக்குப் போனாலும் முதல் மாலை அவருக்குத்தான். கார்ட்டூனுக்கும் மாலைக்கும் நடுவே பத்து வயதுப் பெண்ணொருத்தி நின்றாள். அது நான்தான். அதை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் உட்பட.

அம்மாவின் தம்பி அவர். சென்னையில் ஒரு வாரப்பத்திரிகையில் மந்திரிகளைக் கிழிகிழியென்று கிழித்துப் படம் போட்டவர். ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சாயங்காலம் தமிழ்ச் சங்க மாத இதழுக்குப் படம். போட்டோவைப் பார்த்து வரையவே மாட்டார். "ஒருத்தன் எதை மறைக்கிறான்னு தெரிஞ்சாப் போதும்டி, மூக்கும் முழியும் தானா வந்துடும்" என்பார். எனக்கு அது மந்திரவித்தையாகத் தோன்றியது.

அப்போது சங்கத்தின் தலைவர் பக்கத்து வீட்டு அங்கிள். மலேசியக்காரர், என் தோழியின் அப்பா. வாய் நிறையத் தமிழ் பேசுவார், மலேசிய வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்த்து. ஆனால் படித்ததெல்லாம் மலாய்ப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மேடைப் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார். அவர் மகளுக்கோ தமிழ் வகுப்பென்றால் வேப்பங்காய். அதனால் சனிக்கிழமை வகுப்பில் நான் படித்ததை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சமையலறையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாக்கை நீட்டிக்கொண்டு 'இ' போடுவார். "யார்கிட்டயும் சொல்லாத லா, டீச்சர்" என்பார். டீச்சராம்! எனக்குத் தலைகால் புரியாது.

சங்கத் தேர்தல் வந்தது. மாமாவும் தலைவர் பதவிக்கு நின்றார். தன் தேர்தல் நோட்டீஸில் அங்கிளை வரைய நினைத்து, நாலு நாள் வரைந்து வரைந்து கசக்கிப் போட்டார்.

"மூஞ்சி சிக்க மாட்டேங்குதுடி. நீதான் அந்த வீடே கதின்னு கிடக்கிறியே, ஏதாவது சொல்லேன். உன்னைக் கலர்ல வரைஞ்சு தரேன்."

சொன்னேன். கேட்ட மறுநொடியே சொன்னேன். நாக்கு வெளியே வருவதை நடித்தும் காட்டினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கலர் படம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

நோட்டீஸில் அங்கிள் அரைக்கால் சட்டையும் சிலேட்டுமாக, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றார். கீழே, 'தமிழ் எழுதத் தெரியாதவருக்குத் தமிழ்ச் சங்கமா? நம்ம ஊர்க்காரன் ஆளட்டும்!' எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கோபப்பட்டார்கள். மலேசியத் தமிழ் கலப்படம், யாழ்ப்பாணத் தமிழ் வேறு தமிழ், நாம்தான் அசல் என்று மாமா வீடு வீடாகப் போய்ப் பேசினார். மந்திரிகளைக் கிழித்த கைக்கு அக்கம்பக்கத்து மனிதர்களைக் கிழிப்பது இவ்வளவு சுலபமாக இருந்தது, சே!

ஆனாலும் பாதிப் பேர் அந்தப் படத்தை நம்பவில்லை. ஒனிஹங்கா மண்டபத்தில் தேர்தல் கூட்டம் தொடங்கியதுமே சங்கத்தின் செயலாளர், யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, மாமாவை மறித்துக் கேட்டார்.

"இது சுத்தப் பொய். உங்களுக்கு இதைச் சொன்னது ஆர்? ஆளை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ பாப்பம்."

மாமா சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். தோழி என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அங்கிள் 'ஆமாம், பொய்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் பதவி தப்பியிருக்கும். பொய் சொன்ன கழுதை என்று மண்டபமே என்னைத் திட்டித் தீர்த்திருக்கும். மாமா என் பெயரைச் சொல்வதற்குள் அங்கிள் எழுந்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன் லா. படம் உண்மைதான். எனக்கு எழுதத் தெரியாது. விடுங்க."

மண்டபம் ஹோவென்று கத்தியது. மாமாவைத் தோளில் தூக்கினார்கள்.

அடப்பாவி, நான் சொன்னது போதாதென்று இவரும் மாமாவிடம் சொல்லியிருக்கிறாரே! அப்படித்தான் அந்தப் பத்து வயதில் நான் நம்பினேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் 'சொல்லாத, சொல்லாத' என்றாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெளியே போகும்போது அங்கிள் என் அருகில் நின்று தலையைத் தடவினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.