நான் சாக்கை ஆட்டிய வாரம்

எங்கள் வீட்டுக்கு அந்தக் குதிரை வந்தது என்னைக் கேட்டுக்கொண்டு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கு இது சமாதானம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

என் மனைவி கால்நடை மருத்துவர். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு. அவளுக்கு வேலை கொஞ்ச தூரத்தில் ஓர் அரசு மருந்தகத்தில். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது குதிரை ஏறக் கற்றவள். ஒரு நாள் மணிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் குதிரையை அவளிடம் காட்ட வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். வெள்ளையில் சாம்பல் கலந்த பெண் குதிரை, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் ஓர் ஊர்வலத்தில் சரவெடி வெடித்ததும் மாப்பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டு மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கவர் பறந்தால் பயம், குடை விரித்தால் பயம், கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் பயம். "இத வச்சிகினு நான் இன்னா பண்றது டாக்டரம்மா? தீனி போட்டு கட்டுப்படியாவல" என்றார். அன்று சாயங்காலமே அது எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நின்றது.

"கேட்டிருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றாள் மனைவி. உண்மைதான்.

அதன் பயத்தைப் போக்க அவள் எடுத்துக்கொண்டது தாண்டும் பயிற்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. கவர் பறந்தாலே நடுங்குகிற குதிரையைத் தாண்ட வைக்கப்போகிறாளாம்! ஆனால் அவள் செய்தது தாண்டுவது மாதிரியே இல்லை. கட்டட வேலைக்கு வாங்குவார்களே, அந்தச் சவுக்குக் கம்பு நாலு வாங்கி, வெள்ளைப் பட்டை அடித்து, தரையில் போட்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு கூடவே நடந்து அவற்றைக் கடந்தாள். ஒரு வாரம் ஒரே கம்பு. பிறகு இரண்டு. பிறகு நாலு. அதற்கப்புறம் ஒரு கம்பின் ஒரு முனையை மட்டும் பழைய டயர் மேல் தூக்கி வைத்தாள். குதிரை நின்றால் இவளும் நிற்பாள். அது குனிந்து கம்பை மோந்து பார்க்கும், புஸ்ஸென்று மூச்சு விடும், யோசிக்கும். இவள் போனைக்கூட எடுக்காமல் காத்திருப்பாள். அது தானாகக் காலைத் தூக்கி வைத்துக் கடந்ததும் பிடரியைச் சொறிந்துவிட்டு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பாள். மூன்று முறை நன்றாகக் கடந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மேய விட்டுவிடுவாள்.

"நல்லாத்தானே போவுது? இன்னும் பத்து தடவ பண்ணலாமே" என்று கேட்டேன்.

"பயந்தது அவ, கடந்ததும் அவ. அது அவளுக்குத் தெரியணும்ங்க. நாம இழுத்துகினே போனா, கடந்தது நாமன்னு ஆயிடும்" என்றாள். அவளுக்கு அந்தக் குதிரை எப்போதும் 'அவ'தான்.

எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். ஓடுகிற லைனை நிறுத்துவது என் ரத்தத்திலேயே கிடையாது. மூன்று பீஸ் ஓகே ஆனதும் கையைத் தட்டிவிட்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா? இருந்தாலும், இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் பஸ் ஹாரன் அலறியபோது, அந்தக் குதிரை ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுப் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு பயிற்சிக்காகப் பன்னிரண்டு நாள் நாமக்கல் போகவேண்டி வந்தது. பையை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "தரையில நாலு கம்பு மட்டும். டயர் வேணாம். மூணு தடவ கூட்டினு போய்ட்டு வுட்ருங்க. புதுசா ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

எனக்கு முதல் ஷிப்ட். மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். நான்கு நாள் சொன்னபடியே செய்தேன். குதிரை என்னோடும் ஒழுங்காக நடந்தது. கடைசிக் கம்பைக் கடந்ததும் வெல்லத்துக்காக என் சட்டைப் பையை மூக்கால் இடிக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அதோடு இருந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. லைனில் என் கீழ் வேலை செய்யும் இரண்டு பேர் குதிரையைப் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டுக் குதிரை தாண்டும் என்று டீ பிரேக்கில் அளந்துவிட்டிருந்தது நான்தான். தரையில் கிடந்த கம்பை அது நிதானமாகக் கடப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர், "இன்னா சார், எங்க வூட்டு எருமகூட இத தாண்டும்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மதில் ஓரமாக டயர்களை அடுக்கி, கம்பை முழங்காலுக்கு மேலே ஏற்றினேன். இன்னொரு பக்கம் குதிரை விலகிப் போகாதபடி கயிறு கட்டினேன். முன்னால் போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

குதிரை வந்தது, நின்றது, மூக்கைத் தாழ்த்திக் கம்பை மோந்தது. மனைவி இருந்தால் அங்கே காத்திருப்பாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதில் மேல் ஒரு காலித் தீவனச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது, பிளாஸ்டிக் சாக்கு. அதை எடுத்துக் குதிரைக்குப் பின்னால் நின்று படபடவென்று ஆட்டினேன்.

அது எதற்குப் பயப்படும் என்று தெரியாமல் ஆட்டவில்லை. தெரிந்துதான் ஆட்டினேன்.

குதிரை பறந்தது. கம்புக்கு மேலே இன்னும் ஒரு முழம் இடம் இருந்தது. "செம சார்! மாஸ்!" என்று இரண்டு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் போனில் எடுத்து எங்கள் லைன் குரூப்பில் போட்டார். தாண்டிய பிறகு அது மூலையில் போய் நின்று, விலா ஏறி இறங்க நடுங்கியதை அவர் எடுக்கவில்லை. நான் பார்த்தேன். ஓடிய களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும் "இன்னிக்கு எவ்ளோ உயரம் சார்?" என்று கேட்டார்கள். அற்பம் என்றால் அற்பம், அந்தக் கேள்விக்காகவே நான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஓடி வந்தேன். ஓரிரு நாள் இன்னும் ஒரு டயர் கூட்டினேன். பத்து முறை தாண்ட வைப்பேன். பத்துக்குப் பத்து வந்தால்தான் எனக்குத் திருப்தி. புதன்கிழமைக்குள் சாக்கை ஆட்டவே தேவையில்லை, எடுத்தாலே தாண்டியது. வெள்ளிக்கிழமை அதுவும் தேவையில்லை, நான் பின்னால் போய் நின்றாலே போதும். எவ்வளவு முன்னேற்றம் பார் என்று நினைத்தேன். வெல்லத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "திமிரப் பாரு" என்று நானே அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

மனைவி திரும்பி வந்த அன்று டயர்களைப் பழைய இடத்தில் போட்டுவிட்டேன். சாக்கை மடித்து மோட்டார் ரூமில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அவள் தரையில் ஒரே ஒரு கம்பைப் போட்டுக் குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பைக் கண்டதும் அதற்கு உடம்பெல்லாம் உதறல் எடுத்தது. அது கம்பைப் பார்க்கவே இல்லை. இரண்டு காதும் பின்னால் திரும்பியிருந்தன. கண்ணின் வெள்ளை தெரியப் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்பு முன்னாடிதானே இருக்கு. ஏண்டி பின்னாடியே பாக்குற?" என்று அவள் அதனிடம் கேட்டாள். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும்.

"நான் சொன்ன மாதிரிதானே செஞ்சீங்க?"

"ஆமா. மூணே தடவதான்."

அவள் நம்பினாள். அவள் சந்தேகப்பட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு உண்மையைக் கக்கியிருப்பேன். நம்பிவிட்டு, தப்பு தன் பக்கம்தான் என்று முடிவுகட்டினாள். "டயர் மேல தூக்கி வச்சது சீக்கிரம். நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கம்பே இல்லாமல் வெறுமனே நடத்தினாள். கம்பைத் தொலைவில் போட்டாள். குதிரை நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆனது. ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு கவர் பறந்து வர, மிரண்டு அவள் கால் மேலேயே ஏறியது. கட்டை விரல் நகம் கறுத்து வீங்கிவிட்டது. கட்டுப் போட்ட காலோடு செருப்பை இழுத்துக்கொண்டு மருந்தகம் போனாள். "அவமேல தப்பில்ல, நான்தான் சரியா நிக்கல" என்றாள்.

எங்கள் குடும்பங்கள் சர்ச்சுக்குப் போகிறவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள், தன் கையில் வந்த வாயில்லாத ஜீவனைக் கெடுத்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டாள். உதடு அசைந்தது, எனக்குக் கேட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆமென்" வேறு சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.

நாற்பது நாள் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கோவளம் கடற்கரையில் சவாரிக் குதிரை விடுகிறவர் என்று பேச்சிலிருந்து புரிந்தது. "நல்ல குதிரதாங்க. நல்லாத்தான் வந்துச்சு. என் கைல வந்துதான் கெட்டுப்போச்சு... ஞாயித்துக்கிழம டெம்போ எடுத்துனு வாங்க" என்றாள். கடற்கரை! கூட்டம், பட்டம், பீப்பி, காற்றில் ஆயிரம் கவர். அந்தக் குதிரை அங்கே ஒரு நாள் தாங்காது. அது அவளுக்கும் தெரியும். வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. குதிரை போய்விட்டால் விஷயமும் போய்விடும், அப்பாடா என்று ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது. சாக்கை ஆட்டியதைக்கூட ஒரு மடத்தனம் என்று சொல்லிவிடலாம். இந்த அப்பாடாவுக்கு என்ன பெயர் வைப்பது? நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்கே தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

உள்ளே போனேன். அவள் வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: எருமை என்ற கிண்டல், சாக்கு, டயர், பத்துக்குப் பத்து, மூணே தடவை என்ற பொய். திட்டுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்போ நான் இல்லியா?" என்றாள்.

"நீ இல்லம்மா. நான்தான்."

"நான் இல்லியா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழவில்லை. பாரம் இறங்கிய அழுகை அது. அவள் தோளிலிருந்து இறங்கிய பாரம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பார்த்தேன். அதை ஏற்றி வைத்தவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கோவளத்துக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள். பிறகு, "எப்படி ஆட்டுனீங்க? எடுத்துனு வந்து காட்டுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அவளுக்கு இன்னா கேட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியும்" என்றாள். சாக்கை எடுத்து வந்து, எங்கள் வீட்டு ஹாலில், என் மனைவி முன்னால் ஆட்டிக் காட்டினேன். அவள் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஆகிறது. குதிரை இப்போது தரையில் நாலு கம்பையும் கடக்கிறதாம். போன வாரம் ஒரு டயர் உயரத்தைத் தானாகத் தாண்டியதாம். 'தாம்' என்றுதான் என்னால் சொல்ல முடியும். பயிற்சி நடக்கும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை, அவளும் கூப்பிடுவதில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு, பேச்சு, சர்ச் எல்லாம் பழையபடிதான்.

நேற்று எனக்கு ஓவர்டைம் ரத்தானது. பஸ்ஸிலிருந்து இறங்கி, யோசிக்காமல் காலி மனைப் பக்கமாகவே நடந்து வந்தேன். குதிரை மூன்றாவது கம்பில் முன்காலைத் தூக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் காலை அப்படியே கீழே வைத்து நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று மனைவி திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டாள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி காத்திருந்தாள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை அவர்கள் இரண்டு பேரும் அசையவே இல்லை.