வயலின் தேர்வுக்குப் பியானோ வாசித்தேன்

திருத்தணியில் நான் பியானோ சொல்லித்தருகிறேன். மேற்கத்திய வயலினில் கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தாக வேண்டும் என்பதால், தேர்வு நெருங்கினால் அவர்களுடைய வயலின் மாஸ்டர் என்னைக் கூப்பிடுவார். அப்படித்தான் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். பதினோரு வயது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் அப்பா பைக்கில் கூட்டிவந்து, முடியும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார்.

முதல் ஒத்திகையில் அவள் தாளத்தை மீறி ஓடினாள். நான் யோசிக்காமல், "கொஞ்சம் அவசரப்படறா சார்" என்றேன். அவர் எழுந்துவந்து, பைக் சாவி பிடித்திருந்த கையாலேயே அவள் பின்மண்டையில் அறைந்தார். வயலின் விளிம்பு முகவாயில் இடித்தது.

"இன்னொரு தபா வாசி."

அவள் அழவில்லை. வில்லை எடுத்து வாசித்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் குறையே சொல்லவில்லை. அவள் ஓடினால் நானும் ஓடினேன். ஒரு வரியை விட்டால் நானும் விட்டேன். வாசிப்பு நின்றால்தான் தப்பு என்பது அவர் கணக்கு, நான் நிற்கவிடவில்லை. நான்கு வாரம் என் வீட்டில் அடி விழவில்லை. ஆனால் அவள் முழங்கைக்கு மேலே புதிதாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் கேட்கவில்லை.

தேர்வு ஒரு பள்ளியின் மாடியில் நடந்தது. வராந்தாவில் சுருதி சேர்க்கும்போது அவள் வயலினில் கம்பி அறுந்தது.

"நேத்து தான மாட்டிகினு வந்தேன்? அதுக்குள்ள அறுத்துட்டியா?"

அப்பா அறைந்த வேகத்தில் அவள் சுவரில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. வயலினை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டுகொண்டாள். அவர் உதைக்கக் காலைத் தூக்கினார்.

கையில் இருந்த தடித்த இசைப் புத்தகத்தால் அவர் முகத்தில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. அவர் என் வலது கையைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினார். விரலுக்குள் ஏதோ நொறுங்கிய மாதிரி இருந்தது.

"எம் பொண்ணு, நான் அடிப்பேன். நீ யாருடி கேக்கறதுக்கு?"

மாஸ்டரும் வாட்ச்மேனும் ஓடிவந்து அவரைக் கீழே இழுத்துப்போனார்கள். திரும்பி வந்த மாஸ்டர் புதுக் கம்பி மாட்டினார்.

உள்ளே தேர்வாளராக வந்திருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாம்மா" என்றார்.

"வேணாம் மேடம். வாசிச்சிடறேன்" என்றவள், என் பக்கம் குனிந்து, "மிஸ், நைனா வெளிய கீறாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கீழ இட்டுகினு போயிட்டாங்க."

"ஆங்" என்று வயலினைத் தோளில் வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவள் நிதானமாக வாசித்துக் கேட்டேன். என் சுண்டுவிரல் வீங்கிப்போய், பாதி சுரங்கள் விழவில்லை. நடுவில் நான் தடுமாறியபோது வில்லைத் தூக்கிப் பிடித்து எனக்காகக் காத்திருந்தாள்.

முடிந்ததும் தேர்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்தே குழந்தைகள் உதவி மையத்துக்குப் போன் செய்தோம். விசாரிக்க வந்தவர்களிடம் அவள் அம்மா தன் முதுகைக் காட்டியிருக்கிறார். இப்போது தாயும் மகளும் ஆர்.கே.பேட்டையில் மாமா வீட்டில் இருக்கிறார்கள். அவள் அப்பாவை அடித்ததற்கு நான் வருந்தவில்லை. வாய் திறக்காமல் இருந்த அந்த நான்கு வாரம்தான் உறுத்துகிறது.

தேர்வில் அவள் தேறிவிட்டாள். சான்றிதழ் வாங்க வரவில்லை, வயலினையும் விட்டுவிட்டாளாம். பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று மாஸ்டர் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு வருத்தமாக இல்லை.