கையுறை கழற்றிய புனிதை

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அப்பா அந்தப் படத்தைக் கொண்டுவந்ததும், பார்த்த மாத்திரத்தில் இது ஒரு புனிதை என்று தீர்ப்புச் சொன்னேன். கறுப்புப் பட்டு உடுத்திய வெள்ளைக்காரப் பெண். ஒரு கையில் உறை, மறு கை வெறுங்கை. தலைக்குப் பின்னால் மங்கலான வெளிச்சம். அது போதாதா?

அப்பாவுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. அவர் கண்ணை மட்டும்தான் பார்த்தார். "எங்க நின்னாலும் நம்மளையே பாக்குது பாரு. நானும் எழுதுறேனே, மாடு முழிக்கிற மாதிரி" என்றார். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மல்லிகைச் சரம் போட ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடாமல் மெழுகுவத்தி ஏற்றியது அத்தைதான். மாமா துபாய்க்கு விமானம் ஏறிய மறுநாளே, கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். கால் தடுக்கி விழுந்தாளாம். தினமும் சாயங்காலம் படத்தின் முன் நின்று உதடு மட்டும் அசைய வேண்டுவாள். "புருசன் நல்லபடியா வூடு வந்து சேரணும்னு கேக்குறா, பாவம்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்க வந்த சாமியார், படத்தடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இவங்க புனிதை இல்லம்மா. நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸுல இருந்த யாரோ பணக்கார வூட்டம்மா. உக்கார வெச்சு வரைஞ்சிருக்காங்க."

அம்மாவுக்கு மானம் போயிற்று. படத்தைக் கழற்றப் போனவளை அத்தை தடுத்தாள்.

"இருந்துட்டுப் போவட்டும் அண்ணி. நான் சொல்றத அவங்கதான் கேக்குறாங்க."

படம் அத்தையின் கட்டிலுக்கு மேலே போனது.

ஆடி மாதத்தில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார், பெரிய பெட்டியும் எனக்குச் சாக்லேட்டுமாக. சாமியார் கிடக்கிறார், நான் சொன்னதுதான் சரி என்று ஓடிப்போய் நானே ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

"பாத்தியா அத்த, கேட்டத குடுத்துட்டாங்க."

அத்தை திரியை விரலால் நசுக்கி அணைத்தாள். "போயி அம்மாவ காப்பி போடச் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை மாமாவோடு அவர் ஊருக்குப் போகிற பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினாள். படத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மெழுகுவத்தி வீணாகிறதே என்றுதான் அணைத்தாள் என்று அப்போது நினைத்தேன். மாமா திரும்பியே வரக் கூடாது என்றுதான் அத்தனை மாதமும் கேட்டதாக, பல வருஷம் கழித்து அவளே சொன்னாள்.