ஏழாம் நம்பர் ஈயும் என் உத்தியோகமும்

ஈ பார்க்கும் உத்தியோகத்தில் பார்ப்பது சுலபம். என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் செய்யும் தப்புக்குத் திட்டு வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்காவது புரியும்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், கண்ணாடித் தட்டில் பத்துப் பழ ஈக்களை விட்டு வீடியோ எடுப்பார்கள். ஒவ்வொரு ஈக்கும் நம்பர் போட்டு, நடக்கிறது, காதலிக்கிறது, சண்டை போடுகிறது என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். அது சரியா என்று பார்ப்பது நான். மூன்று மாசம் சோதனைக் காலம், கடைசியில் ஒரு பரீட்சை. தேறாவிட்டால் ரெண்டு வயசுப் பொண்ணை அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி சென்னையில் வேலை, ஹாஸ்டல் வாசம்தான்.

ஒற்றை இறக்கை

முதல் வாரம். ஒரு ஈ இன்னொன்றின் பின்னாலேயே போய், ஒரு பக்க இறக்கையை மட்டும் நீட்டிப் படபடவென்று அடித்தது. நம்ம பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் இப்படிப் பின்னாலேயே வந்தால் சும்மா விடுவோமா? கம்ப்யூட்டர் 'காதல்' என்று போட்டிருந்ததை எல்லாம் அழித்து 'சண்டை' என்று போட்டேன். ஒரு நாள் பூரா!

சூப்பர்வைசர் ஜினதாஸ் சார் வந்தவாசிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஆண் ஈ பொண்ணுக்குப் பாட்டுப் பாடுகிற விதமே அதுதான் என்று பொறுமையாக விளக்கினார். பக்கத்து சீட் அமுதா அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம். எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "வுடுங்க சார், அவ போட்டது தப்பே இல்ல. காதல்ல ஆரம்பிச்சு சண்டையிலதான வந்து நிக்குது!"

பதினோராவது ஆள்

பத்து ஈ இருக்க வேண்டிய வீடியோவில் பதினொன்று இருந்தது. கம்ப்யூட்டர் பத்துக்குத்தான் நம்பர் போட்டிருந்தது. ஆஹா, மாட்டினியா என்று குஷியாகி, எண்ணிக்கையே தப்பு என்று ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜல்தியாக ஒரு மெயில் தட்டிவிட்டேன். அப்புறம் பார்த்தால், வீடியோவை நிறுத்தியும் அந்தப் பதினோராவது மட்டும் நடந்துகினே இருக்கிறது! என் டிபன் டப்பா வாழைப்பழத்துக்கு வந்த ஆரணி ஈ.

அவமானத்தில் நோட்டை ஓங்கினேன். ஜினதாஸ் சார் ஓடி வந்தார். அவர் ஜைனர், கொசுவைக்கூட அடிக்கமாட்டார். டம்ளரால் மூடி, அடியில் காகிதத்தைச் சொருகி, ஜன்னலுக்கு வெளியே அதை விட்டுவிட்டு வந்து சொன்னார்: "பத்து ஈய சம்பளம் வாங்கிகினு பாத்துக்கறோம். இது ஒண்ண சும்மா பாத்துக்கக் கூடாதாங்க?"

பிசிறு

பரீட்சைக்கு ஒரு வீடியோ. ஆராய்ச்சிக்கூடத்தின் விடைத்தாளோடு நான் எழுதியது ஒத்துப்போக வேண்டும். நடுவில் நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிரிந்தன. எங்கள் வீட்டில் தறியிலிருந்து இறங்கின புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பிசிறு பார்ப்பது சின்ன வயசிலிருந்து என் வேலை. ஏழாம் நம்பருக்கு இறக்கை நுனியில் ஒரு பிசிறு இருந்தது. பிரிந்த பிறகு அந்தப் பிசிறு நாலாம் நம்பரிடம்! கம்ப்யூட்டர் ஆளை மாற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

விடைத்தாளோடு ஒத்துவரவில்லை, தேறவில்லை என்று பதில் வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். "கம்முனு வுட்டிருக்கலாம் இல்ல?" என்று அமுதா அக்கா திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டாள். ஜினதாஸ் சார் என் பிசிறுக் குறிப்பை அவர்களுக்கு அனுப்பிவைத்தார். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூணாம் நாள் வந்த பதிலை, அதிர்ந்து பேசாத அந்த மனுஷர் கீழே பட்டுக்கடை வரைக்கும் கேட்கத் தமிழில் படித்தார்: "பெருசு பண்ணிப் பாத்தோம், பிசிறு இருக்குது, எங்க விடைதான் தப்பு. அந்தம்மாவ மட்டும் வுட்டுடாதீங்க!"

வேலை நிரந்தரமாகி, இப்போது என் பொண்ணு தினமும் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள்; அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஏழாம் நம்பருக்கோ ஆயுசே மிஞ்சிப்போனால் ரெண்டு மாசம்தானாம்.